எம்.பி.க்கு ஒரு பேரேடு: ஓட்டு, பேச்சு, கேள்வி மூன்றையும் வீட்டிலிருந்தே கணக்கு வைப்பது எப்படி

காரைக்குடி செக்காலையில் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடையில் ஒருநாள் இரண்டு பெரியவர்களுக்குள் வாக்குவாதம் முற்றிவிட்டது. மூன்று வேளாண் சட்டங்களுக்கு யார் யார் ஓட்டுப் போட்டார்கள் என்பது விவகாரம். ஒருவர் கைபேசியை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த பட்டியல், தமிழ்நாட்டு எம்.பி.க்கள் பெயர் வரிசையாக, பெயருக்கு நேரே பச்சை அல்லது சிவப்பு. மற்றவரும் தன் கைபேசியை நீட்டினார். அதே பெயர்கள், நிறம் மட்டும் இடம் மாறியிருந்தது. இரண்டுமே யாரோ உட்கார்ந்து வரைந்தவை. 2020 செப்டம்பரில் அந்த மசோதாக்கள் இரண்டு அவைகளிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. 'ஆம்' என்ற சத்தம் பெரிதா, 'இல்லை' என்ற சத்தம் பெரிதா என்று அவையை நடத்துகிறவர் காதால் கேட்டு முடிவு சொல்வதுதான் அது. எந்த எம்.பி. பெயருக்கு நேரேயும் அன்று பதிவு கிடையாது. இல்லாத பதிவுக்குப் பட்டியல் எங்கிருந்து வரும்?

இதைச் சொன்னதும் கல்லாவில் இருந்த பையன், "அப்ப நிசமா என்ன பண்ணாருன்னு எங்கண்ணே பாக்குறது?" என்றான். அவனுக்கு அன்று பாதி டம்ளர் டீ ஆறுகிற நேரத்தில் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

எங்கள் ஐயா பர்மாவில் ஒரு மார்க்காவில் (வட்டிக்கடையில்) எடுபிடியாக, பெட்டியடிப் பையனாக வேலை தொடங்கியவர். அன்றன்று நடந்தது நாள்வழியில் ஏறும். நாள்வழியிலிருந்து பேருக்குப் பேர் பிரித்துப் பேரேட்டில் ஏறும். கணக்கு முடிக்கையில் எல்லாப் பேரின் நிலுவையையும் தொகுத்து ஐந்தொகை எடுப்பார்கள். நாடாளுமன்றம் நாள்வழியை ஒழுங்காக எழுதி வெளியிடுகிறது, அதில் குறை சொல்ல முடியாது. நம் எம்.பி. பேருக்குப் பேரேடு போடுவதுதான் நம் வேலை. பலர் நேரே ஐந்தொகைக்குத் தாவிவிடுகிறார்கள். வருகை இத்தனை சதவீதம், கேள்வி இத்தனை என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பேரேடு போடாத ஐந்தொகையை ஐயா திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டு பெரும்பாலும் கட்சியுடையது. பேச்சு பாதி கட்சியுடையது, ஏனென்றால் விவாத நேரத்தைக் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பங்கிட்டுத்தான் தருகிறார்கள். கேள்விதான் எம்.பி. தன் கையெழுத்தில் தானே கேட்பது. ஆகவே எல்லாரும் ஓட்டில் தொடங்குகிற இடத்தில் நான் கேள்வியில் தொடங்குகிறேன்.

1. யாருடைய கணக்கு?

சிரிக்க வேண்டாம், இதிலேயே தடுமாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ராயவரத்தில் இருக்கிற என் சித்தப்பா மகனுக்கு மாவட்டம் புதுக்கோட்டை, கலெக்டர் ஆபீஸ் புதுக்கோட்டை. அதனால் தன் எம்.பி. சிவகங்கைக்காரர் என்பதே தேர்தல் வந்தால்தான் நினைவுக்கு வரும். சிவகங்கை மக்களவைத் தொகுதிக்குள் காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை ஆகிய நான்கோடு புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயமும் ஆலங்குடியும் அடங்கும். செட்டிநாட்டு ஊர்கள் இரண்டு மாவட்டங்களில் சிதறிக் கிடப்பதால் மாவட்டத்தை வைத்து எம்.பி.யைக் கணிக்காதீர்கள். வாக்காளர் அட்டையில் உள்ள சட்டமன்றத் தொகுதியைப் பார்த்து, அது எந்த மக்களவைத் தொகுதியில் வருகிறது என்று தேர்தல் ஆணையத் தளத்தில் சரிபாருங்கள்.

மக்களவைக்கு ஒருவர்தான். மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 பேர். அவர்கள் மாநிலம் முழுவதற்கும் பொது, யாரை வேண்டுமானாலும் பின்தொடரலாம்.

தேடும்போது நம் ஊருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. 2019 முதல் சிவகங்கை உறுப்பினர் கார்த்தி ப. சிதம்பரம், அவர் தந்தை ப. சிதம்பரம் 2022-ல் தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்குப் போனவர், அதற்கு முன் சிவகங்கையையே பல முறை மக்களவையில் பிரதிநிதித்துவம் செய்தவர். போதாக்குறைக்கு சிதம்பரம் என்றே ஒரு மக்களவைத் தொகுதி இருக்கிறது. வெறும் 'சிதம்பரம்' என்று தட்டினால் தந்தை, மகன், தில்லை மூவரும் கலந்து வருவார்கள். அவை எது, எத்தனையாவது மக்களவை என்ற இரண்டையும் முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பெயரைத் தேடுங்கள். இப்போது நடப்பது 2024 ஜூனில் கூடிய 18-வது மக்களவை.

2. நோட்டு

நான் இன்னும் நீள நோட்டில்தான் எழுதுகிறேன். எக்ஸெல் தெரிந்தவர்கள் அதில் போடலாம், தேடச் சுலபம். தேதி, வகை, பொருள், எந்த அமைச்சகம், சாரம், பதில் எப்படி, ஆவணத்தின் எண். இந்த ஏழு பத்தி போதும். ஆவண எண்ணை விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து யாராவது "எங்கே இருக்கு, காட்டு" என்று கேட்கும்போது அதுதான் கை கொடுக்கும்.

மூலம் இரண்டே இரண்டு. ஒன்று, நாடாளுமன்றத்தின் சொந்தத் தளமான சன்சத் டாட் இன். இரண்டு அவைகளும் அதற்குள்ளேயே தனித்தனிப் பகுதிகளாக இருக்கின்றன. பழைய மக்களவைகளின் விவாதங்களுக்கு நாடாளுமன்ற டிஜிட்டல் நூலகம். மற்றொன்று, டெல்லியில் இயங்கும் பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனத்தின் எம்.பி. ட்ராக் பக்கம். பி.ஆர்.எஸ். வழிகாட்டிப் பலகை மாதிரி. எங்கே போக வேண்டும் என்று சொல்லும். ஆனால் ஊரைப் பார்க்க உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும்.

3. கேள்விகள்

இதில் நேரம் செலவழியுங்கள்.

கேள்வி இரண்டு சாதி. நட்சத்திரக் குறி போட்டது, அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டியது. குறி போடாதது, எழுத்தில் பதில் வருவது. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, மற்றது 230. மாநிலங்களவையில் 15, 160. மக்களவையின் கேள்வி நேரம் காலை 11 முதல் 12 வரை; மாநிலங்களவையில் 12 முதல் 1 வரை. அந்த ஒரு மணி நேரத்தில் இருபதில் நான்கைந்து கேள்வியைத் தாண்டுவதே பெரிய விஷயம். மிச்சத்துக்கு எழுத்துப் பதில்தான். அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டாலும் எழுத்துப் பதில்கள் தளத்தில் ஏறிவிடும். டிவியில் கூச்சலை மட்டும் பார்த்துவிட்டு "இன்னைக்கு ஒண்ணும் நடக்கலை" என்று சொல்வோமே, அன்றைக்கும் இருநூற்றுச் சொச்சம் பதில்கள் அங்கே கிடக்கும்.

யாருடைய கேள்வி நட்சத்திரப் பட்டியலில் வரும் என்பது குலுக்கலில் தீர்வது. ஒரு நாள் பட்டியலில் ஓர் உறுப்பினருக்கு ஒரு நட்சத்திரக் கேள்விக்கு மேல் வராது. ஆகவே "அவருக்கு நட்சத்திரக் கேள்வி குறைவு" என்று யாராவது குறை சொன்னால் அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்று எடுத்துச் சொல்லுங்கள்.

தளத்தில் மக்களவைப் பகுதிக்குள் கேள்விகள் பிரிவுக்குப் போய், உறுப்பினர் பெயரால் வடிகட்டுங்கள். கூட்டத்தொடர் கூட்டத்தொடராக எடுப்பது நல்லது. மொத்தமாக எடுத்தால் மலைத்துப்போய் மூடிவிடுவீர்கள். வருகிற தலைப்பை நம்பாதீர்கள். தலைப்பைச் சுருக்கிப் பொதுப்படையாக வைப்பது வழக்கம். காரைக்குடி ரயில்வே கேட் பற்றிய கேள்வி 'தமிழ்நாட்டில் மேம்பாலங்கள்' என்ற தலைப்பில் ஒளிந்திருக்கலாம். பிடிஎஃபைத் திறந்து (அ), (ஆ), (இ) என்று பிரிந்திருக்கும் உட்கேள்விகளைப் படித்தால்தான் நம் ஊர் அகப்படும். ஊர்ப் பெயரால் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஆங்கிலத்தில் ரயில்வேக்காரர்கள் காரைக்குடிக்கு நடுவில் இரட்டை 'கே' போடுவார்கள், மற்ற அமைச்சகங்கள் ஒற்றை 'கே'. சிவகங்கைக்கும் கடைசியில் 'ஐ' உண்டு, இல்லை என்று இரண்டு எழுத்துமுறை. இரண்டிலும் தேடுங்கள்.

அடுத்து பதிலைப் படிக்கும் கலை. அமைச்சகங்களுக்கென்று ஒரு மொழி உண்டு. பழகிவிட்டால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ரயில்வேயைக் கேட்டுப் பாருங்கள். 'ரயில் திட்டங்கள் மண்டல வாரியாகவே மேற்கொள்ளப்படுகின்றன, மாநில வாரியாக அல்ல' என்று ஆரம்பித்தால், அடுத்த இரண்டு பத்தி தெற்கு ரயில்வே முழுமைக்குமான கணக்கு, நம் பாதைக்குக் கடைசியில் ஒரு வரி கிடைத்தால் அதிகம். 'ரயில் நிறுத்தம் வழங்குவது தொடர் நடவடிக்கை. இயக்க வசதி, போக்குவரத்துத் தேவை, வள இருப்பு ஆகியவற்றைப் பொறுத்தது' என்று வந்தால், நம் பக்கத்து மொழியில் 'பார்க்கலாம் அப்பச்சி'. பெண் கேட்டு வந்த வீட்டில் "ஜாதகம் பாத்துட்டுச் சொல்றோம்" என்பார்களே, அதே ரகம்.

'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்' என்ற வரி மட்டும் வேறு. இது உறுதிமொழி. இதை நிறைவேற்ற மூன்று மாதக் கெடு. கண்காணிக்க அரசின் உறுதிமொழிகளுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. நோட்டில் இதற்குச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுவேன்.

நான் பதில்களை நான்காகப் பிரித்து எழுதுகிறேன்: விடை, அரை விடை, நழுவல், உறுதிமொழி. எண்ணிக்கையை விட இது பேசும். ஐம்பது கேள்வி கேட்டு நாற்பது நழுவல் வாங்கியவரை விட, பத்துக் கேள்வியை நறுக்கென்று கேட்டு ஏழுக்கு எண்ணோடு விடை வாங்கியவர் எனக்கு மேல். நழுவல் எல்லாமே அமைச்சரின் தவறும் அல்ல. 'அரசு அறிந்திருக்கிறதா, அறிந்திருந்தால் எடுத்த நடவடிக்கை என்ன' என்று சோம்பேறித்தனமாகக் கேட்டால் சோம்பேறிப் பதில்தான் வரும். இத்தனாம் ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, மிச்சம் ஏன் நிற்கிறது என்று கேட்டால் தப்பிக்க வழி குறைவு.

இன்னும் மூன்று இடறல்கள்.

ஒன்று, கூட்டுக் கேள்வி. ஒரே பொருளில் பலர் கேட்டிருந்தால் பெயர்களைச் சேர்த்து ஒரே பதில் கொடுப்பார்கள். அதைத் தனிக் கேள்வி போல ஏற்றாமல் ஓரத்தில் 'கூட்டு' என்று குறியுங்கள்.

இரண்டு, துணைக்கேள்வி. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் பதில் சொன்னதும், கேட்டவர் மட்டுமின்றி மற்ற உறுப்பினர்களும் எழுந்து மேற்கொண்டு கேட்கலாம். நம் எம்.பி. வேறொருவர் கேள்வியில் எழுந்து நறுக்கென்று கேட்டிருந்தாலும் அது அவருடைய கேள்விக் கணக்கில் வராது. கேள்வி பிடிஎஃபிலும் இருக்காது. அன்றைய விவாதப் பதிவில் 11 முதல் 12 வரை உள்ள பக்கங்களில்தான் கிடைக்கும். என் அனுபவத்தில் ஒருவரின் உண்மையான தயாரிப்பு தெரிவது இங்கேதான். எழுதிக் கொடுத்ததை யாரும் வாசிக்கலாம், அமைச்சர் சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு அதே நொடியில் திருப்பிக் கேட்பதற்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று, அச்சுப் பிசகாத ஒரே கேள்வி. சில நேரம் வெவ்வேறு மாநிலத்து, வெவ்வேறு கட்சி உறுப்பினர்கள் பெயரில் வரிக்கு வரி ஒரே வாசகம் வரும். ஒரு வரியை வெட்டித் தேடுபொறியில் ஒட்டினால் தெரிந்துவிடும். யாரோ எழுதிக் கொடுத்தது என்று ஊகிக்கலாம். அதற்கு மேல் ஊகிக்காதீர்கள். ஆனால் கேள்விக்கு விலை உண்டு என்பது பழைய சங்கதி. 1951-லேயே எச்.ஜி. முட்கல் என்ற உறுப்பினர் பம்பாய்த் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்துக்காகக் காசு வாங்கிக்கொண்டு கேள்வி எழுப்பினார் என்று அவைக் குழு கண்டுபிடித்து, அவர் பதவி விலகும்படி ஆயிற்று. 2005 டிசம்பரில் அதே குற்றத்துக்காக இரு அவைகளிலும் சேர்த்து 11 பேர் வெளியேற்றப்பட்டார்கள்.

பூஜ்யம் கண்டால் அவசரப்படாதீர்கள். அமைச்சர்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறவர்கள், கேட்கிறவர்கள் அல்ல. ப. சிதம்பரம் சிவகங்கை உறுப்பினராக இருந்த 2004 முதல் 2014 வரை முழுவதும் நிதி அல்லது உள்துறை அமைச்சர். அந்தப் பத்தாண்டில் சிவகங்கையின் பெயரில் கேள்வி தேடினால் கிடைக்காது. அந்தக் காலத்துக்கு அவர் அளித்த பதில்களைத்தான் படிக்க வேண்டும்.

4. பேச்சு

விவாதப் பதிவு நாளுக்கு ஒரு பெரிய பிடிஎஃப். முதலில் திருத்தப்படாத பதிப்பு வரும், பிறகு திருத்தியது. மேற்கோள் காட்டுவதற்குத் திருத்தியதே பாதுகாப்பு.

ஒரு சங்கடம் தமிழர்களுக்கு. அவையில் தமிழில் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு நடக்கும். ஆனால் பதிவில் அந்தப் பேச்சு ஆங்கிலமாகத்தான் நிற்கும். 'தமிழில் ஆற்றிய உரையின் மொழிபெயர்ப்பு' என்று உடுக்குறியிட்டு அடிக்குறிப்பு இருக்கும். நம்மவர் என்ன சொல்லெடுத்துப் பேசினார், எங்கே குரல் உயர்ந்தது என்பது அதில் தெரியாது. சன்சத் டிவி யூடியூபில் முழு நாள் காணொளி இருக்கிறது, அதற்குப் போங்கள். எட்டு மணி நேரத்தைத் தேய்த்துத் தேட வேண்டாம். விவாதப் பதிவின் இடையிடையே நேரம் அச்சிட்டிருக்கும். அதை வைத்துக் காணொளியில் ஏறக்குறைய அந்த இடத்துக்குத் தாவிவிடலாம்.

பேச்சிலும் தரம் பிரியுங்கள். மசோதா மீதான பேச்சில் கட்சி நிலைப்பாடு மேலோங்கும். பட்ஜெட் கூட்டத்தொடரில் ரயில்வே மானியக் கோரிக்கை மீது பேசும்போது ஊர்க் கோரிக்கைகள் வரிசைகட்டி வரும். ராத்திரி வெகுநேரம் வரைகூட நடக்கும். மக்களவையில் கேள்வி நேரம் முடிந்ததும் வருகிற ஜீரோ அவரில் ஒன்றிரண்டு நிமிடத்தில் அவசரப் பிரச்சினையைச் சொல்வார்கள். அமைச்சர் பதில் சொல்லியே தீர வேண்டும் என்பதில்லை. விதி 377-ன் கீழ் எழுப்புவது இன்னொன்று. அதற்கு அமைச்சகம் பின்னால் உறுப்பினருக்குக் கடிதம் எழுதும். அந்தக் கடிதத்தை எம்.பி. அலுவலகத்தில் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். மாநிலங்களவையில் இதற்கு இணையானது 'சிறப்புக் குறிப்பு'.

நேரம் கிடைக்காத உறுப்பினர்கள் எழுதி வந்ததை அவையில் சமர்ப்பித்துவிடுவது உண்டு. பதிவில் பேச்சு போலவே அச்சாகும், மேலே ஒரு சின்னக் குறிப்பு மட்டும் இருக்கும். அதைப் 'பேசினார்' என்று ஏற்றாதீர்கள், 'சமர்ப்பித்தார்' என்று ஏற்றுங்கள். பதிவில் புள்ளி புள்ளியாக விடுபட்டிருந்தால் அவைத்தலைவர் உத்தரவில் நீக்கப்பட்ட சொற்கள். அவற்றைக் கைபேசிக் காணொளியில் பார்த்திருந்தாலும் அதிகாரபூர்வப் பதிவில் அவை இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

5. ஓட்டு

டீக்கடைச் சண்டைக்கு வருகிறேன். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடும். ஓர் உறுப்பினர் அந்த முடிவை ஏற்காமல் டிவிஷன், அதாவது ஓட்டை எண்ணும்படி, கேட்டால் மணி அடிக்கும். மக்களவையில் மூன்றரை நிமிடம். பிறகு கதவுகளை அடைத்துவிட்டு, இருக்கையில் உள்ள பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை. பொத்தான் சரியாகப் பதியாதவர்கள் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். டிவிஷன் கேட்டாலும், அது அநாவசியம் என்று சபாநாயகர் கருதினால், எழுந்து நிற்கச் சொல்லித் தலை எண்ணி முடித்துவிட விதியில் இடம் இருக்கிறது. அப்போதும் பெயர் பதியாது.

அரசியல் சட்டத் திருத்தம் என்றால் கவலையில்லை. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து ஓட்டளித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும் என்பதால் எண்ணியே ஆக வேண்டும். 2023 செப்டம்பர் 20-ல் மகளிர் இடஒதுக்கீட்டுத் திருத்தம் மக்களவையில் 454-க்கு 2. சாதாரண மசோதாவிலும் எதிர்க்கட்சிகள் விடாப்பிடியாகக் கேட்டால் டிவிஷன் நடக்கும். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா மக்களவையில் 311-க்கு 80, 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா 288-க்கு 232.

பெயர்ப் பட்டியலை எடுக்க, மசோதா நிறைவேறிய நாளின் விவாதப் பதிவைத் திறந்து, விவாதம் முடியும் இடத்துக்குப் போங்கள். ஆதரித்தோர், எதிர்த்தோர், நடுநிலை என்று அகரவரிசையில் பெயர்கள் இருக்கும். திரையில் உடனே காட்டிய எண்ணும் பதிவில் இருக்கும் எண்ணும் கொஞ்சம் வேறுபடலாம். சீட்டுகளைச் சேர்த்துத் திருத்துவதால் வருவது அது. நாளிதழில் வந்ததை விடப் பதிவை நம்புங்கள். ஒரே மசோதாவில் உறுப்பினர்கள் கொடுத்த திருத்தங்கள் மீதும் தனித்தனியே டிவிஷன் நடந்திருக்கலாம். மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டவர் ஒரு திருத்தத்தை ஆதரித்திருப்பார். பட்டியலின் தலைப்பைப் படிக்காமல் பெயரை மட்டும் தேடி எடுத்தால் தலைகீழாக ஏற்றிவிடுவீர்கள். ஒருமுறை நானே அப்படி ஏற்றி, வாசகசாலையில் பெருமையாகப் படித்தும் காட்டிவிட்டேன். நல்லவேளை, அங்கே இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பிடித்துக் கொடுத்தார்.

பெயரே எந்தப் பட்டியலிலும் இல்லையென்றால்? வரவில்லை என்று எழுதிவிடாதீர்கள். 2019 ஜனவரி 8-ல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத ஒதுக்கீட்டுத் திருத்தம் மக்களவையில் 323-க்கு 3 என்று நிறைவேறியது. அ.தி.மு.க. அன்று எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்பு செய்தது. சிவகங்கைத் தொகுதி அப்போது அ.தி.மு.க. வசம். வாக்குப் பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு அந்தக் கட்சியின் நிலைப்பாடே தெரியாது. ஆகவே பட்டியலில் பெயர் இல்லையென்றால் விவாதத்தைப் பின்னோக்கிப் புரட்டி வெளிநடப்புக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'வெளிநடப்பு', இல்லாவிட்டால் 'பதிவில்லை'. 'ஓடிவிட்டார்' என்பது நம் பேரேட்டுச் சொல் அல்ல.

இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மறக்கக் கூடாது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடாவை மீறி ஓட்டுப் போட்டாலும் போடாமல் இருந்தாலும் பதவி போகலாம், கட்சி 15 நாளுக்குள் மன்னித்தாலொழிய. இதனால்தான் ஓட்டைக் கட்சிக் கணக்கில் எழுதச் சொன்னேன். கட்சியிலிருந்து விலகி ஓட்டு விழுந்தால் மட்டும் அது எம்.பி.யின் சொந்தக் கணக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாலே அபூர்வம். வந்தால் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள்.

6. வருகை, குழு, தனிநபர் மசோதா

வருகை என்பது பதிவு போட்டதற்கு அத்தாட்சி. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அது சொல்லாது. அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் பதிவிட வேண்டியதில்லை. பி.ஆர்.எஸ். பக்கத்தில் தேசிய சராசரி, மாநில சராசரி பக்கத்திலேயே இருக்கும், ஒரு பார்வை போதும். இடைத்தேர்தலில் வந்தவரையும் ஐந்து வருஷம் இருந்தவரையும் ஒப்பிடாதீர்கள்.

துறைசார் நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. கூட்டங்கள் மூடிய கதவுக்குள். ஆனால் அறிக்கையின் பின்னிணைப்பில் யார் வந்திருந்தார்கள் என்ற கூட்டக் குறிப்பு இருக்கும், யாரும் புரட்டாத பக்கம் அது. அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களை இதுவரை 14-தான் சட்டமாக்கியிருக்கிறார்கள், கடைசியாக 1970-ல். நிறைவேறுமா என்று பார்க்காமல், எதில் அவருக்கு அக்கறை என்று பார்க்க அவை உதவும்.

7. கேட்கச் சொல்வது

பேரேடு ஒரு வருஷம் ஓடினால் எந்த அமைச்சகப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது என்று தெரியும். அப்போது ஒரு கடிதம் எழுதலாம். ரோட்டு விளக்கு, பட்டா, குடிநீர் பற்றி எழுதி வீணாக்காதீர்கள்; அவை மாநகராட்சிக்கும் மாநிலத்துக்கும் உரியவை, நாடாளுமன்றத்தில் கேட்டாலும் 'மாநிலப் பொருள்' என்று திரும்பி வரும். மத்திய அரசிடம் கேட்கிற மாதிரி நம் பக்கத்திலேயே நிறைய இருக்கிறது. மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி என்றால் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகம். பல்லவன் ரயில், திருவாரூர் பாதை என்றால் ரயில்வே. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியில் நெசவாளர் நலன் ஜவுளி அமைச்சகத்துக்கு, குறியீட்டுப் பதிவு வணிகத் தொழில் அமைச்சகத்துக்கு. இரண்டையும் ஒரே கேள்வியில் போட்டால் கெட்டுவிடும். செட்டிநாட்டு வீடுகளும் ஊர்களும் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின; அதன் பிறகு நடந்தது என்ன என்பது கலாசார அமைச்சகத்துக்கான கேள்வி.

கேள்வி 150 சொல்லுக்குள் அடங்க வேண்டும். குறைந்தது 15 முழு நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆகவே கூட்டத்தொடர் தேதி அறிவித்த வாரமே உங்கள் கடிதம் எம்.பி. அலுவலகத்தில் இருக்கட்டும். கடிதத்தில் புலம்பல் வேண்டாம். உட்கேள்விகளாகப் பிரித்து, முன்பு வந்த பதிலின் தேதி, எண்ணோடு எழுதினால் உதவியாளருக்கு வேலை மிச்சம். அவர் அப்படியே எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

கூட்டத்தொடர் முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு மாலை உட்காருங்கள். அதற்குள் பதில்கள் எல்லாம் ஏறியிருக்கும். நான்கு கூட்டாளிகள் இருந்தால் அமைச்சகத்தைப் பிரித்துக்கொள்ளலாம்; டீக்கடைப் பையன் ரயில்வேயை எடுத்துக்கொண்டான். நழுவல்களையும், மூன்று மாதம் தாண்டியும் நிறைவேறாத உறுதிமொழிகளையும், கடிதம் எழுதியும் கேட்கப்படாத கேள்விகளையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'நிலுவை' என்று தலைப்பிட்டுத் தேதியோடு எழுதுங்கள். அடுத்த கூட்டத்தொடருக்குப் புதுப் பக்கம் திறக்கும்போது அந்த நிலுவைதான் முதல் வரி.